அம்மாவின் டிக்கெட்டில் ஏழு மணி நேரம் எப்படி வந்தது?

கேள்வி: தங்கையின் பிரசவத்துக்காக அம்மா (68 வயது, முழங்கால் வலி உண்டு) சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறார். 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் என்று கேள்விப்பட்டோம். டிக்கெட்டிலோ இரவு 11.30-க்குப் புறப்பட்டுக் காலை 6.15-க்குச் சேர்வதாக இருக்கிறது. திரும்பும்போது இரவு 8 மணிக்கு ஏறி 9.40-க்கே இறங்குகிறார்! "ஏழு மணி நேரம் உட்கார முடியாது, கோலாலம்பூரில் இறங்கி இளைப்பாறிப் போகட்டும்" என்கிறார் ஏஜென்ட். டிக்கெட்டை மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது தெரிகிற 6 மணி 45 நிமிடத்தில் இரண்டரையைக் கழியுங்கள், நாலேகால் மணி நேரம். வரும்போது தெரிகிற 1 மணி 40 நிமிடத்தோடு அந்த இரண்டரையைக் கூட்டுங்கள், 4 மணி 10 நிமிடம். ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும் இதற்குள் அடக்கம். 'உள்ளூர் நேரம்' என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா? நான் வேலையில் இருந்த காலமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

'கிழக்கே போனால் காற்று தள்ளிவிடும், மேற்கே வந்தால் தடுக்கும்' என்று யாராவது சொல்வார்கள். இந்தத் தடத்தில் அது எப்போதும் செல்லாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. 1950-களில் அதை விளக்கியவர் நம் வானிலை அறிஞர் கோடீஸ்வரம். தரையில் அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று. ஆடி மாதத்தில் போகிற விமானம் எதிர்க்காற்றில் போகும், வருகிற விமானம் விரைந்து வரும். சில நிமிட வித்தியாசம்தான். அம்மாவுக்கு இது தேவையே இல்லை, எனக்குத்தான் சொல்லாமல் விட மனமில்லை.

இனி உங்கள் ஏஜென்ட். சென்னையிலிருந்து கோலாலம்பூர் போகவே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும்! ஏறக்குறைய முழுத் தொலைவையும் உட்கார்ந்து கடந்த பிறகு எதற்கு இளைப்பாறல்? அதன்பின் இன்னொரு விமானத்துக்காகக் காத்திருந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டுவிட்டால் இன்னும் மோசம். மலேசியக் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். 'டைரக்ட்' என்ற சொல்லையும் நம்பாதீர்கள். வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் விமானத்தையும் அப்படிச் சொல்வதுண்டு. 'நான்-ஸ்டாப்' தானா என்று கேளுங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டைக்கும் அவர் பணம் கேட்பார். விசா வேறு, இது வேறு. இந்த அட்டை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் முற்றிலும் இலவசம். சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் உங்கள் தங்கையே நிரப்பிவிடலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்பதை மட்டும் ஏஜென்டிடம் விடாமல், விமான நிறுவனத்திடம் நீங்களே இப்போதே பதிவு செய்யுங்கள்.