மூக்கு சொன்னால்தான் கேட்கும்

கேள்வி: ஒன்றரை வயது பீகிள் நாய் வளர்க்கிறோம். வீட்டுக்குள் கூப்பிட்டால் பாய்ந்து வருகிறது. வெளியே போனால் நாங்கள் யாரென்றே தெரியாத மாதிரி, தரையை முகர்ந்துகொண்டே போய்விடுகிறது. காது கேட்கவில்லையோ என்றுகூடச் சந்தேகம். பயிற்சியில் கோளாறா, இனமே இப்படித்தானா?

பதில்: இனமே இப்படித்தான். காதெல்லாம் நன்றாகக் கேட்கும், மூக்கு வேலையாக இருக்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே வளர்த்தெடுத்த நாய் இது. நரி வேட்டை நாய்களுக்குப் பின்னால் குதிரையில் போக வேண்டும், பீகிள்களுக்குப் பின்னால் ஆள் கால்நடையாகவே போய்விடலாம். இப்போது நாம் பார்க்கும் பீகிளுக்கு அடித்தளம் போட்டவர் பிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார், 1830களில் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு பீகிள் கூட்டத்தைத் திரட்டினார். அவருக்கு வேட்டை நன்றாக நடந்தால் போதும். அப்புறம் தாமஸ் ஜான்சன் என்பவர்தான் வேட்டைத்திறமும் இருக்க வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இணை சேர்த்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆடு மேய்க்கும் நாய், அடுத்து என்ன செய்வது என்று எஜமானைத் திரும்பிப் பார்த்துப் பழகியது. பீகிள் முன்னால் போகும், எஜமான்தான் பின்னால் மூச்சிரைக்க ஓடுவார். தடம் பிடித்துவிட்டால் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டே இருந்த நாயைத்தானே கெட்டிக்கார நாய் என்று பல தலைமுறையாகப் பாராட்டி வளர்த்தார்கள்? அதையே இன்று நீங்கள் பிடிவாதம் என்கிறீர்கள். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஏக்கர் நிலத்தில் சுண்டெலி ஒன்றை விட்டு, நாய்களைத் தேடவிட்டார்கள். பீகிள்களுக்குச் சுமார் ஒரு நிமிடம் ஆனது, ஃபாக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம், ஸ்காட்டிஷ் டெரியர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. இந்த மூக்கோடு உங்கள் குரல் போட்டிபோட முடியுமா! அதனால் வேலியில்லாத இடத்தில் வாரைக் கழற்றவே கழற்றாதீர்கள். கூப்பிட்டதும் வரப் பழக்க வேண்டுமென்றால் கையில் தின்பண்டம் வேண்டும், அதட்டினால் இன்னும் தள்ளித்தான் போகும்.

கேள்வி: தனியாக விட்டுப் போனால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரும் அளவுக்கு ஊளையிடுகிறதே?

பதில்: கூட்டமாகவே வாழ்ந்து, கூட்டமாகவே வேட்டையாடிய இனம், தனிமை ஆகாது. குரைப்பு, ஊளை இரண்டும் போக, தடம் கிடைத்ததும் இழுத்து எழுப்பும் வேட்டைக்குரல் ஒன்றும் உண்டு. புதருக்குள் மறைந்த நாய் எங்கே ஓடுகிறது என்று வேட்டைக்காரர் அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார். வெளியே கிளம்பும் முன் நன்றாக முகரவிட்டு ஒரு நீண்ட நடை கூட்டிப்போங்கள், பாதிச் சத்தம் குறையும். முழுக்க நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: காவலுக்கு ஆகுமா?

பதில்: திருடன் வந்திருக்கிறான் என்று சத்தம் போட்டுச் சொல்லும். அப்புறம் வாலாட்டும்.

கேள்வி: டார்வின் போன பீகிள் கப்பலுக்கும் இந்த நாய்க்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: பெயர் நாயுடையதுதான். ஆனால் கப்பல் கடலில் இறங்கியது 1820இல், ஹனிவுட்டின் கூட்டத்துக்கு முன்பே. சின்ன வேட்டைநாய்களைப் பீகிள் என்று அழைப்பது அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய வழக்கம், முதலாம் எலிசபெத் ராணியே குட்டி பீகிள்களை வைத்திருந்தார்.

கேள்வி: விமான நிலையங்களில் பீகிளை ஏன் வைக்கிறார்கள்?

பதில்: மூக்கு ஒரு காரணம், முகம் இன்னொன்று. பெரிய நாய் வந்து பெட்டியை முகர்ந்தால் பயணி மிரள்வார், இது வந்தால் குனிந்து கொஞ்சுவார். அமெரிக்காவில் 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் தொடங்கினார்கள், பெட்டிக்குள் ஒளிந்து வரும் பழம், இறைச்சியைக் கண்டுபிடிக்க. சாப்பாட்டைத் தேடுவதற்குச் சம்பளமும் சாப்பாடாகவே கிடைக்கிற உத்தியோகம். இதே சாந்த குணத்தையும் சின்ன உடம்பையும் பார்த்துத்தான் ஆய்வுக்கூடங்களிலும் அதிகமாகப் பீகிளையே பயன்படுத்துகிறார்கள், அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.