அண்ணன் அனுப்பும் பணத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

கேள்வி: நான் முழுநேர ஓவியர், வயது 41. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டேன். ஒரு மாதம் இரண்டு படங்கள் விற்கும், பிறகு நான்கைந்து மாதம் ஒன்றும் போகாது. அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை, ஆனாலும் வாங்கும்போதெல்லாம் கூசுகிறது. இப்போது மூன்று நண்பர்களும் மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா, மறுபடி வேலைக்குப் போய்விடலாமா?

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள். வேலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் கூச்சத்தைப் பார்ப்போம், உங்கள் கணக்கின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அண்ணன் தருவது அன்பளிப்பா, கடனா, படத்துக்கு முன்பணமா? உங்கள் இருவருக்குமே தெரியாது. பெயர் வைக்காத பணம், வாங்குகிறவர் மனதில் கடனாகத்தான் ஏறும். கொடுப்பவருக்கு நெருக்கடி வரும்போது அவர் மனதிலும் அப்படியே மாறிவிடலாம்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவுக்குத் தம்பி தியோ பணம் அனுப்பிவந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1884-ல் வின்சென்ட் தம்பிக்கு எழுதியதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை: இனி வரைவதை உனக்கு அனுப்பிவிடுகிறேன், நீ தரும் பணத்தை நான் சம்பாதித்ததாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவரையும் இதே கூச்சம்தான் அரித்திருக்க வேண்டும். 1890 ஜூலையில் வின்சென்ட் இறந்தார், ஆறு மாதத்தில் தியோவும் போய்விட்டார். படங்கள் தியோவிடம் இருந்ததால் அவர் மனைவி யோஹன்னாவின் பொறுப்புக்கு வந்தன. பெரும்பகுதியைச் சிதறவிடாமல் காத்து, கண்காட்சிகளுக்கு அனுப்பி, 1914-ல் கடிதங்களையும் பதிப்பித்தவர் அவர்தான்.

நீங்களும் அண்ணனிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஓராண்டுக்கு மாதம் இவ்வளவு, ஆண்டு முடிவில் அவர் விரும்பும் ஒரு படம் அவருக்கு. நிறுத்த வேண்டி வந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும். இதை அரைப்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ‘நமக்குள்ளே எதுக்கும்மா இதெல்லாம்’ என்பார். இருந்தாலும் எழுதுங்கள். அண்ணிக்கும் தெரிந்திருக்கட்டும், போவது அவர்கள் வீட்டுப் பணம்.

நண்பர்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆளுக்கொரு படம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு விற்கத் தகுந்த படங்கள் 12 வரைகிறீர்கள் என்று வையுங்கள். அண்ணனோடு சேர்த்து நான்கு பேருக்கு நான்கு போனால், உங்கள் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அவர்களுக்குக் காகிதத்தில் வரைந்த சிறு கோட்டோவியம் போதும். படத்தைக் கொடுத்தாலும் அதை அச்சிட்டு விற்கும் உரிமை உங்களுடையதே என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

உதவி பணமாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. பாரிஸில் வண்ணம் விற்ற தாங்கி என்பவர், கையில் காசில்லாத ஓவியர்களிடம் படத்தை வாங்கிக்கொண்டு வண்ணம் கொடுத்தார். கைபொட் என்ற வசதியான ஓவியர் நண்பர்களின் படங்களை விலைகொடுத்து வாங்கினார், அவர்களில் ஒருவரான மோனேயின் வாடகைக்கும் உதவினார். உங்கள் மூவரில் ஒருவர் கான்வாஸ் செலவை ஏற்கலாம். கணக்கு எழுதத் தெரிந்தவர் மாதம் ஒரு மாலை வந்து அதைப் பார்த்துத் தரலாம். எனக்கென்னவோ அந்த மாலைதான் மதிப்பு அதிகம் என்று தோன்றும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு ஓவியர் செருப்புப் பெட்டி நிறைய ரசீதுகளோடு என்னிடம் வந்தார். பாதி ரசீதுகளில் நீல வண்ணக் கைரேகை. ஒரு பெரிய படம் நல்ல விலைக்குப் போனதில் மகிழ்ச்சியாக இருந்தார். கேலரி எடுத்துக்கொண்ட பாதி, படச்சட்டம், வண்டிக்கூலி, வண்ணம் எல்லாம் கழித்தோம். மிஞ்சியது விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு அவர் உழைத்தது ஏழு வாரம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரு ரசீதைத் திருப்பி, அடுத்த படத்துக்கான செலவை அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

நீங்களும் கடந்த 24 மாத விற்பனையை எடுத்து, செலவு கழித்து, 24-ஆல் வகுங்கள். ஓவியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, விற்ற பணம் முழுவதையும் அதில் போடுங்கள். வகுத்து வந்த தொகையைவிடக் கொஞ்சம் குறைவாக, மாதம் ஒரே தேதியில் உங்களுக்கே சம்பளம் போடுங்கள். இரண்டு படம் விற்ற மாதத்திலும் அதே சம்பளம்தான். அன்பளிப்புக்கும் விற்பனைக்கும் வரி வேறுபடலாம் என்பதால், அண்ணனோடு எழுதும் தாளை ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, வேலை. அண்ணன் பணமும் நண்பர்கள் பணமும் நாளைக்கே நின்றால், அந்தச் சம்பளமும் சேமிப்பும் சேர்ந்து எத்தனை மாதம் வீட்டை ஓட்டும்? ஆறுக்குக் குறைந்தால் வாரத்தில் இரண்டு நாள் வேலை பாருங்கள், கையில் சேமிப்பு இருக்கும்போதே. முழுநேர வேலைக்குத் திரும்ப வேண்டிய நிலை இப்போது இல்லை. அண்ணனிடம் பேசிய பிறகு நண்பர்களுக்குப் பதில் சொல்லுங்கள், அதுவரை அவர்கள் பணத்தை வாங்க வேண்டாம்.