ஒரு பக்கம் மட்டும் திறன் கூடினால்: மகளின் ஆய்வுத் தலைப்பைப் பற்றிக் கேட்ட அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

"அணு உலையில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திறன் வருகிறதாம். அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் என் மகளின் முதுகலை ஆய்வாம். இதை வைத்துக்கொண்டு நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் நானும் உலை இயற்பியல் குழு ஒன்றில் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். மகளிடமும் காட்டுங்கள், இதில் பாதி அவருக்குத்தான்.

முதலில் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று பார்த்துவிடலாம். திறன் என்றால் இங்கே உலை தரும் ஆற்றலின் வீதம். பரவலாகப் பயன்படும் ஒரு வகை அழுத்த நீர் உலையில் 193 எரிபொருள் கட்டுகள் இருக்கும், ஒவ்வொரு கட்டிலும் 264 எரிகோல்கள், அதாவது எரிபொருள் அடைத்த மெல்லிய குழாய்கள். இவை நிற்கும் மையப்பகுதியைத்தான் கோர் என்கிறோம். அதை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, வெளியே நிற்கும் நியூட்ரான் உணரிகளைக் கொண்டு ஓயாமல் கண்காணிப்பார்கள். அதிகம் காட்டும் கால்பகுதியின் அளவைச் சராசரியால் வகுத்தால் வரும் விகிதம் 1.02-ஐத் தாண்டக் கூடாது என்பது அவ்வகை உலைகளின் இயக்க விதி. தாண்டிவிட்டால், 1-க்கு மேல் போன ஒவ்வொரு சதவீதத்துக்கும் 3 சதவீதம் வீதம் உலைத் திறனைக் குறைக்க வேண்டும். 1.03 என்று வந்தால் 9 சதவீதம். ஆயிரம் மெகாவாட் நிலையத்தில் ஏறத்தாழ 90 மெகாவாட் போச்சு! அதுவும், காரணம் தெரிந்து சரியாகும் வரைக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஏன் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதுவே பாதி பதில்.

மீதிப் பாதி பாதுகாப்பு. உலையின் எல்லையை நிர்ணயிப்பது சராசரி எரிகோல் இல்லை, மிக அதிகச் சூட்டில் இருக்கும் அந்த ஒற்றை எரிகோல்தான். மொத்தத் திறன் சரியாக இருந்தாலும் ஒரு மூலையில் அது குவிந்தால், அங்கே எரிகோலின் மேலுறை ஆபத்தான நிலையை எட்டாமல் இருப்பதற்கான இடைவெளி சுருங்குகிறது.

இனி மகளுக்கு. திறன் இப்படி ஒரு பக்கம் கூடுவதைச் சாய்வு என்போம். இந்தச் சாய்வுக்குக் காரணம் தேடுவது கிட்டத்தட்டத் துப்பறியும் வேலை, அம்மா. நியூட்ரான்களை உறிஞ்சித் திறனை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு ஒன்று மற்றவற்றோடு ஒட்டாமல் கொஞ்சம் இறங்கி நிற்கலாம். குளிர்நீர் (கோரின் சூட்டை எடுத்துச்செல்லும் நீர்) வரும் குழாய்ச் சுற்றுகளில் ஒன்று சற்றுக் குளிர்ந்த நீரைக் கொண்டுவரலாம். குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது, அதில் நியூட்ரான்கள் நன்றாக வேகம் தணியும். வேகம் தணிந்த நியூட்ரான்கள்தான் அணுக்களை எளிதில் பிளக்கும், அதனால் அந்தப் பக்கத்தில் திறன் ஏறும். போன சுழற்சியில் (ஒரு முறை எரிபொருள் மாற்றியதிலிருந்து அடுத்த முறை மாற்றும் வரையான காலம்) எரிபொருள் சமச்சீராக எரியாத மிச்சம் தொடரலாம். எரிபொருள் கட்டுகள் லேசாக வளைந்து, நடுவே நீர் இடைவெளி கூடியிருக்கலாம். மேல் கீழாக ஆடும் சாய்வு என்றால் செனான் என்ற வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். அணு பிளக்கும்போது உண்டாகும் அயோடின்-135 சுமார் 6.6 மணி நேர அரை ஆயுளில் செனான்-135 ஆகிறது, அது நியூட்ரான்களை விழுங்கித் தள்ளுகிறது, பிறகு சுமார் 9 மணி நேர அரை ஆயுளில் சிதைகிறது. இந்தத் தாமதத்தால்தான் திறன் ஏறக்குறைய ஒரு நாள் சுழற்சியில் மேலும் கீழும் ஊசலாடும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்நீர் அரித்துக் கொண்டுவரும் நிக்கல், இரும்புத் துகள்கள் எரிகோலின் மேல்பாதியில் படியும். நீரில் கலந்திருக்கும் போரான் அந்தப் படிவின் துளைகளுக்குள் சேர்ந்துகொள்ளும். போரான் நியூட்ரானை உறிஞ்சும் என்பதால் திறன் கீழ்நோக்கிச் சரியும். இயற்பியலாளர்கள் தங்கள் கணக்கில் தப்புத் தேடிக்கொண்டிருக்க, விடை நீர் வேதியியலாளரின் பதிவேட்டில் இருக்கும்.

இத்தனை சந்தேகத்துக்குரியவர்கள் இருந்தாலும், முதலில் விசாரிக்க வேண்டியது அளக்கும் கருவியை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சாய்வைப் பார்த்துவிட்டு, எரிபொருள்தான் காரணம் என்று இரண்டு வாரம் கணக்குப் போட்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு உணரியின் அளவுத்திருத்த எண் பழையது. கோருக்குள்ளே எடுத்த அளவீட்டு வரைபடத்தை முதல் நாளே கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. மூத்தவர் ஒருவர் சிரித்ததோடு விட்டுவிட்டார், அதுவரைக்கும் பிழைத்தேன்.

சரி, நிலையத் தரவு மாணவருக்கு எப்படிக் கிடைக்கும்? கிடைக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் குழு 2013-இல் பீவர்ஸ் என்ற பெயரில் ஒரு உண்மையான அழுத்த நீர் உலையின் இரண்டு சுழற்சிகளுக்கான விவரங்களையும் அளவீடுகளையும் பொதுவில் வெளியிட்டது. 193 கட்டுகளில் 58-இல் உள்ளே அளந்த தரவு இருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், முதல் சுழற்சியின் தொடக்கத்திலேயே அளவீட்டில் சாய்வு தெரிகிறது. எல்லாம் புத்தம் புதிய எரிபொருள், வடிவமைப்போ சமச்சீர். பழைய சுழற்சியின் மிச்சம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எரிபொருள் எரிய எரிய அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வருகிறது. கணக்கிட ஓப்பன்எம்சி என்ற மான்டி கார்லோ (தற்செயல் எண்களைக் கொண்டு கணிக்கும் முறை) மென்பொருளும் இலவசம். அதில் கட்டுகளுக்கு இடையே உள்ள நீர் இடைவெளியை ஒரு பக்கம் மட்டும் கூட்டிப் பாருங்கள். எவ்வளவு கூட்டினால் அளவீட்டோடு ஒத்துப்போகிறது, அவ்வளவு இடைவெளி நிஜத்தில் நடக்கக்கூடியதா? இந்த இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினாலே ஆய்வு நிற்கும்.

மதிப்பெண்ணை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. பல விளக்கங்கள் தரவோடு பொருந்தும்போது, பிடித்த ஒன்றை அவசரமாக எடுத்துக்கொள்ளாமல், எந்த அளவீடு இவற்றைப் பிரித்துக் காட்டும் என்று யோசிக்க முடிகிறதா? அந்தக் குணம் உங்களிடம் இருந்தால் வாருங்கள். சீக்கிரம் விடை தெரிந்தாக வேண்டும் என்று தவிப்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது. அது குறையில்லை, அவர்களுக்கு வேறு நல்ல வேலைகள் உண்டு.

ஐயா, மறுபடி உங்களிடம். வேலை தருபவர்கள் நிலையங்களின் எரிபொருள் மேலாண்மைக் குழுக்கள், எரிபொருள் தயாரிப்பாளர்கள், ஒழுங்குமுறை ஆணையங்கள், ஆய்வகங்கள். இது குறுகிய வட்டம்தான், மறைக்கவில்லை. பல நாடுகளில் குடியுரிமை, பின்னணிச் சரிபார்ப்பு நிபந்தனைகளும் உண்டு. அதனால் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: உலை என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் கையில் நிற்கும் திறமைகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். பைத்தான் நிரலாக்கம், புள்ளியியல், அளவீட்டுப் பிழைக் கணிப்பு, மான்டி கார்லோ. இதே மான்டி கார்லோ முறையில்தான் புற்றுநோய்க் கதிர்சிகிச்சைக்கான கதிரளவையும் கணிக்கிறார்கள். அந்தக் கதவும் திறந்தே இருக்கும்.

கதிர்வீச்சு பற்றிய பயத்தை நீங்கள் கடைசி வரியில் ஒளித்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உண்மையான கவலை அதுதான் என்று நினைக்கிறேன். கோர் பகுப்பாய்வு பெரும்பாலும் மேசை வேலை. உலைக்கட்டடத்துக்குள் போகிறவர்களுக்கு, உடலில் படும் கதிர்வீச்சைப் பதியும் அளவுமானி உண்டு. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் பணியாளர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிரளவின் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 50-க்கு மேல் போகக் கூடாது. வேலைக்குச் சேரும்போது, அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு வழக்கமாக எவ்வளவு பதிவாகிறது என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அப்புறம், தலைப்பை உறுதி செய்யும் முன் வழிகாட்டியிடம் மகள் மூன்று விஷயம் கேட்கட்டும். அளவீட்டுத் தரவு கையில் இருக்கிறதா, இல்லை வெறும் கணினிக் கணக்கு மட்டுமா? மென்பொருளுக்கு உரிமம் படிப்பு முடியும் வரை செல்லுமா? இதற்கு முன் இவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வழுவழுப்பாக வந்தால் எனக்கு எழுதுங்கள். தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு வழிகாட்டியை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்ப்போம்.