பகலில் தூங்க மறுக்கும் பிள்ளை: மிஸ்ஸியிடம் கேளுங்கள்

கோலாலம்பூரில் தாய் சேய் கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கெப்போங், 5 மாத மகன்: காலை 7 மணிக்கு எழுந்தால் 11 வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். படுக்க வைத்தால் முதுகை வில்லாக வளைத்து அழுகிறான். பகல் தூக்கமே வேண்டாமோ?

வேண்டும் தங்கச்சி, ரொம்பவே வேண்டும். 4 முதல் 11 மாதப் பிள்ளைக்குப் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் கண்ணை அழுத்துவது அதனால்தான். ஐந்து மாதத்தில் சுமார் இரண்டு மணி நேரத்திலேயே அந்த அழுத்தம் வந்துவிடும். அதைத் தவறவிட்டால் களைப்பு முற்றி, பிள்ளை துறுதுறுவென்று கையைக் காலை ஆட்டும். தூக்கம் வரவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிடிவாதம் இல்லை, நேரம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

7 மணிக்கு எழுந்தால் 8:45-க்கே அறையை இருட்டாக்குங்கள். பார்வை ஓரிடத்தில் நிலைப்பது, காதை இழுப்பது, பொம்மையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது, இவைதான் அடையாளம். அழத் தொடங்கிய பிறகு தூங்க வைப்பது கஷ்டம். அடுக்குமாடி வீட்டில் வெயில் நேரே அடித்தால் கனமான திரை போடுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை போதும், தொப்பியும் கையுறையும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை கூடாது.

செராஸ், 4 மாதம்: 35 நிமிடத்தில் டான் என்று எழுந்துவிடுகிறாள்.

பிள்ளைகளின் தூக்கம் சுற்றுச் சுற்றாக வரும். ஒரு சுற்று ஏறக்குறைய 40, 50 நிமிடம். அது முடியும் இடத்தில் லேசாக விழிப்புத் தட்டும். ஆறு மாதம் வரை குட்டித் தூக்கம் சகஜம். சிணுங்கியதும் ஓடிப்போய்த் தூக்காமல் இரண்டு நிமிடம் பாருங்கள். சிரித்துக்கொண்டு எழுந்தால் அந்தத் தூக்கம் அவளுக்குப் போதும்.

பத்துமலை, 5 மாதம்: 40 நிமிடம்தான் தூங்குகிறான்.

மேலே செராஸ் தங்கச்சிக்குச் சொன்னதேதான்.

செந்தூல், பாட்டி: நாலு பிள்ளையையும் ஏணையில்தான், அதுதான் சேலைத் தொட்டிலில்தான் வளர்த்தேன். பேரனுக்கு மூணு மாசம். மருமகள் ஏணையே கூடாது என்கிறாள். ஏணை என்ன பாவம் செய்தது?

ஏணை ஆட்டும்போது பிள்ளை அடங்குவது உண்மை அக்கா. ஆனால் சேலைக்குள் முதுகு வளைந்து தாடை மார்பில் படும். சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழல் மெல்லியது, கழுத்து மடங்கினால் காற்று போகும் வழி குறுகிவிடும். அமர்த்துவதற்கு ஏணை, தூங்கியதும் சமமான கெட்டி மெத்தை. புரளத் தொடங்கிவிட்டால் ஏணையே வேண்டாம்.

பந்தாய் டாலாம்: நாங்கள் ஸ்பிரிங் தொட்டிலுக்கு மோட்டார் பூட்டியிருக்கிறோம். இரண்டு மணி நேரம் தூங்குகிறாள். அதையும் விடவா?

மோட்டார் ஓடும்வரைதானே தூங்குகிறாள்? சுற்று முடியும்போது ஆட்டம் நின்றிருந்தால் விழித்துக்கொள்வாள். ஆட்டத்தைப் பழக்கியது நாம்தான். தாடை மார்பில் படும் ஆபத்து இதிலும் உண்டு.

செந்தூல் பாட்டி மறுபடியும்: அப்போ எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் செத்தா போனார்கள்?

இல்லை அக்கா. நானும் ஏணையில் வளர்ந்தவள்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வரிசையாக ஏணை கட்டியிருந்தால் பக்கத்திலேயே ஆயா இருந்தார். இன்று மோட்டாரைப் போட்டுவிட்டு அம்மா குசினிக்குப் போகிறார். அன்று ஏணையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். இன்று அந்த ஆள் இல்லை என்பதுதான் என் பயம். உங்கள் மருமகள் பக்கம்தான் நான் நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஈப்போ சாலை: அலர்ஜி மருந்து கொஞ்சம் கொடுத்தால் தூங்கும் என்கிறார்கள். வசம்பு? சூப்பானில் தேன்?

மூன்றும் வேண்டாம். தூங்க வைக்க எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூடப் படக்கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

செத்தாப்பாக், 4 மாதம்: அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறான், என்ன செய்வது?

இதே கேள்வி மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: தூக்கத்தில் குறட்டை விடுகிறாள், நடுவில் மூச்சு நிற்பது போல இருக்கிறது.

இதை என்னிடம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்து இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உதடு நீலமானால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கிள்ளான் சாலை: 98 நாள் பிரசவ விடுப்பு முடிகிறது. பேபி சிட்டரிடம் எப்படிப் பழக்குவது?

இரண்டு வாரம் முன்பே அவர் வீட்டில் ஒரு தூக்கமாவது தூங்கட்டும். கடைசியாக எத்தனை மணிக்கு எழுந்தது என்று தினமும் எழுதிக் கொடுங்கள். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று முதல் நாளே வெட்கப்படாமல் சொல்லுங்கள். மல்லாந்து பழகிய பிள்ளையைத் திடீரென்று குப்புறப் போடுவது மிகவும் ஆபத்து.

செந்தூல் பாட்டி: சரி மிஸ்ஸி. ஏணையிலிருந்து மெத்தைக்கு மாற்றினால் முழித்துக்கொள்கிறானே?

பத்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள் அக்கா. கையைத் தூக்கி விட்டால் தொய்ந்து விழ வேண்டும், அப்போதுதான் ஆழ்ந்த தூக்கம். உங்கள் நெஞ்சோடு அணைத்தபடியே குனிந்து முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியில் தலை. தலையை முதலில் வைத்தால் விழுவது போல அதிர்ந்து எழுந்துவிடுவான். வைத்த பிறகு மார்பில் கையை லேசாக வைத்திருந்து, மெதுவாக எடுங்கள்.