தோஹாவில் 9 மணி நேரம்: லவுஞ்சா, அறையா, ஊர் சுற்றலா?

கேள்வி: பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கு 61 வயது. கணவருக்கு 66, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சிகாகோவில் இருக்கும் மகள் ஜூன் மாதத்துக்கு கத்தார் ஏர்வேஸில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்திருக்கிறாள். இரவு 9 மணிக்கு பெங்களூரில் ஏறினால் அங்கத்திய நேரப்படி 11 மணிக்கு தோஹா. அடுத்த விமானம் காலை 8 மணிக்கு. "மகள் விமான நிலையத்து ஓய்வுக்கூடமான லவுஞ்சில் இருந்தால் போதும் என்கிறாள். இவர் வெளியே போய் ஊரைப் பார்க்கலாம் என்கிறார். என்ன செய்வது? தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?"

பதில்: உங்கள் கணவரின் ஆசையைத்தான் முதலில் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. தோஹாவில் இறங்கும்போது கடிகாரம் 11 காட்டினாலும் உங்கள் உடம்புக்கு அது ராத்திரி ஒன்றரை மணி. இமிக்ரேஷன் தாண்டி வெளியே போவதற்குள் நடுராத்திரி ஆகிவிடும். ஜூனில் அங்கே ராத்திரியிலும் வெக்கை தணியாது. திரும்பி வரும்போது பகலில் ஆறேழு மணி நேரம் கிடைத்தால், அப்போது போகலாம். விமான நிலையத்திலேயே மெட்ரோ ரெட் லைன் இருக்கிறது. முஷெய்ரிபில் இறங்கி கோல்டு லைன் மாறினால் அடுத்த நிறுத்தமே சூக் வாகிஃப் கடைத்தெரு. கத்தாரின் நுழைவு விதியை மட்டும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மகள் சொல்லும் லவுஞ்ச். டிக்கெட்டில் லவுஞ்ச் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிசினஸ் கிளாஸ் என்றாலே லவுஞ்ச் உண்டு என்று எல்லாரும் நினைக்கிறோம். கத்தார் ஏர்வேஸில் 'பிசினஸ் லைட்' என்று ஒரு மலிவு ரகம் இருக்கிறது. விமானத்தில் இருக்கை அதேதான், லவுஞ்ச் மட்டும் அதில் சேராது. மகளிடம் எந்த ரகம் எடுத்தாள் என்று கேளுங்கள்.

அனுமதி இருந்தாலும் என் கருத்து இதுதான்: லவுஞ்ச் நல்ல சாப்பாட்டுக் கூடம், நல்ல குளியலறை. படுக்கையறை அல்ல. தோஹாவின் அல் மூர்ஜான் லவுஞ்ச் அரண்மனை மாதிரி இருக்கும், ஓய்வறைகளும் உண்டு. ஆனால் ராத்திரி நேரத்தில்தான் அங்கே கூட்டம் அதிகம், முதலில் வந்தவருக்குத்தான் இடம். 66 வயதுக்காரர் சோபாவில் கழுத்தைச் சாய்த்து ஐந்து மணி நேரம் கிடந்துவிட்டு, அப்புறம் 15 மணி நேரம் பறப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே ஓரிக்ஸ் ஏர்போர்ட் ஹோட்டல் இருக்கிறது. இமிக்ரேஷன் போக வேண்டாம், மணிக்கணக்கில் அறை எடுக்கலாம். பெங்களூரிலிருந்தே முன்பதிவு செய்துவிடுங்கள், அங்கே போய்க் கேட்டால் கிடைப்பது சந்தேகம். பிசினஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் இது பெரிய தொகை இல்லை.

எவ்வளவு தூங்குவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தோஹாவில் காலை 8 மணி என்றால் சிகாகோவில் நள்ளிரவு 12. அதாவது விமானம் கிளம்பும்போது நீங்கள் போகிற ஊர் தூங்கப் போகிறது. அதனால் அறையில் நான்கு, நாலரை மணி நேரம் போதும். 12:30-க்குப் படுத்து 5 மணிக்கு எழுந்து, குளித்து, லவுஞ்சில் காலைச் சாப்பாட்டை முடியுங்கள். அமெரிக்கா போகும் விமானங்களுக்கு, ஏறுகிற வாசலான கேட்டில் தனியாக ஒரு சோதனை உண்டு, ஆகவே ஆறே முக்காலுக்கு அங்கே இருங்கள். ஏறியதும் படுக்கையை விரித்துவிடுங்கள். கத்தார் பிசினஸில் கேட்கும்போது சாப்பாடு தருவார்கள், தட்டுக்காக விழித்திருக்கத் தேவையில்லை. தூக்கம் வராவிட்டாலும் காலை நீட்டிக்கொண்டு கிடக்கலாம். மதியம் 3 மணி வாக்கில் சிகாகோவில் இறங்கும்போது உங்கள் உடம்புக்கு மறுபடியும் ராத்திரி ஒன்றரை. மகள் வீட்டுக்குப் போனதும் படுத்துவிடாமல், இருட்டும்வரை வெளிச்சத்தில் உட்காருங்கள்.

அலாரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நான் அனுப்பிவைத்த ஒரு தம்பதி ரோமிங் போடாமல் போனார்கள். போன் இந்திய நேரத்திலேயே நின்றுவிட்டது. ஐந்தரைக்கு வைத்த அலாரம் தோஹாவின் 3 மணிக்கே அடிக்க, இருவரும் அவசர அவசரமாகக் குளித்து, விளக்கு மட்டும் எரிகிற வெறும் கேட்டின் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கியதும் போன் நேரத்தை சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துவிட்டால் மருந்து வீண். ஊசி இருப்பதால் டாக்டர் கடிதமும் கூடவே. மேற்கே போகும்போது அந்த நாள் உங்களுக்குப் பத்தரை மணி நேரம் நீளும், அதனால் பழைய நேரப்படியே ஊசி போட்டால் கணக்கு பிசகும். பெங்களூரு, தோஹா, சிகாகோ மூன்றின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டி, எப்போது எவ்வளவு என்று அதிலேயே குறித்து வாங்குங்கள். படுக்கை இருக்கை என்பதால் காலில் ரத்தம் உறையாது என்றும் எண்ணாதீர்கள். அசையாமல் கிடப்பதுதான் பிரச்சினை. 4 மணி நேரத்துக்கு மேல் பயணம் போனால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. மொத்தத்தில் அது அரிதுதான், பயப்பட வேண்டாம். விழிக்கும்போதெல்லாம் எழுந்து நடந்தால் போதும்.

வீல்சேர் கேட்டிருந்தால், தள்ளிக்கொண்டு வருபவரிடம் ஹோட்டலுக்கு என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் உதவி கேட்டவர்கள் காத்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பெட்டி பெங்களூரில் போட்டால் சிகாகோவில்தான் கையில் வரும். கவுன்டரில் ஒட்டும் சீட்டில் சிகாகோவின் குறியான ஓ.ஆர்.டி. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள், இரண்டு போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். குருமாவுக்கென்று கசகசா மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் உள்பட சில வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், அந்த வழியாகப் போகிற பெட்டியில் அது எதற்கு?

கடைசியாகத் தயிர்சாதம். தோஹாவில் டிரான்சிட் பயணிகளுக்கும் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது, தயிரை அவர்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பது அன்றைய ஆளைப் பொறுத்தது. சைவச் சாப்பாடு வேண்டுமென்று 24 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். தயிர்சாதத்தை அல்சூர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு நாலரைக்குக் கார் ஏறுங்கள். சாயங்காலம் ஹெப்பாள் மேம்பாலம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிரைவரிடம் டெர்மினல் 2 என்று சொல்லிவிடுங்கள்.