ஆசிரியரின் கோபம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் கணித ஆசிரியர். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய இரண்டு மாணவர்களின் பெற்றோரிடம் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லும் பொறுப்பை, வகுப்பாசிரியர் என்ற முறையில் என்னிடம் ஒப்படைத்தார்கள். "பையனின் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்" என்று பேசி அனுப்பினேன். அதிலிருந்து வகுப்பில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறேன். இதே வேலையைச் செய்த சக ஆசிரியர் இயல்பாக இருக்கிறார். நான் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறேன் என்கிறார். இது என் சுபாவக் கோளாறா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சுபாவம் என்று நான் நினைக்கவில்லை. ஓர் ஆசிரியர் எதைப் பெரிதென்று கருதி இத்தொழிலில் நிற்கிறாரோ, அது பள்ளிக்குள் என்ன கதிக்கு ஆளாகிறது என்பதைப் பொறுத்தே அவருடைய மகிழ்ச்சியும் சினமும் குற்றவுணர்வும் பெரும்பாலும் அமைகின்றன.

சமூக உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் மனித விழுமியங்களைப் பத்தாகப் பகுத்து ஒரு வட்டத்தில் அமைத்தார். அதில் அருகருகே இருப்பவை ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை மோதும். சாதனையும் அதிகாரமும் ஒரு பக்கம் என்றால், பிறர் நலமும் எல்லோருக்குமான நீதியும் அவற்றுக்கு நேரெதிரில் உள்ளன. பள்ளி உங்களிடம் கேட்டது முதல் பக்கத்தை. நீங்கள் பற்றிக்கொண்டிருப்பது மறுபக்கத்தை. உங்கள் சக ஆசிரியரை இதற்காக ஈரமற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளியின் நற்பெயரைக் காப்பதே மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை என்று அவர் உண்மையாகவே நம்பக்கூடும். காலை வணக்கக் கூட்டத்துக்கு ஒரு மாணவன் தாமதமாக வந்தால் அவர் கொதிப்பார், நீங்கள் சிரித்துவிட்டுப் போவீர்கள்.

வேறுபாடு இன்னோரிடத்திலும் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதியபோது, உள்ளே இல்லாத உணர்ச்சியை முகத்தில் மட்டும் காட்டுவதையும், உணர்ச்சியையே மாற்றிக்கொள்ள முயல்வதையும் பிரித்துக் காட்டினார். முதல் வகை நடிப்பு ஆசிரியர்களைச் சோர்ந்துபோகச் செய்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. "நல்லதுக்குத்தான்" என்ற சொல்லை உங்கள் நண்பர் நம்பிச் சொன்னார். நீங்கள் நடித்துச் சொன்னீர்கள். (இதற்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது டி.சி.யைத் திரும்ப வாங்கித் தராது.)

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. அந்தப் பாதுகாப்பு முடிந்த கையோடு ஒன்பதாம் வகுப்பில் இது நடக்கிறது. டி.சி. படிவத்தில் பெற்றோர் விண்ணப்பித்த தேதி என்று ஓர் இடம் உண்டு. அதை நிரப்பிவிட்டால், காகிதத்தில் அவர்களே விரும்பிப் போனதாகிவிடும். இதைப் பார்த்த பிறகும் கோபம் வராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விழுமியத்திலிருந்து பிறந்ததாலேயே ஒரு கோபம் நியாயமானதாகிவிடாது. ஒழுங்கைப் பெரிதாக மதித்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர், மனசாட்சி சிறிதும் உறுத்தாமல் பிரம்பால் விளாசியிருக்கிறார்கள். எது புண்பட்டது என்பதை மட்டுமே உணர்ச்சி காட்டும். யார்மீது பாய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கக் கூடாது. இப்போது உங்களிடம் திட்டு வாங்கும் பிள்ளைகளுக்கும் அந்த முடிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய இடம் ஆசிரியர் கூட்டம். அடுத்த ஆண்டும் இப்படியொரு பட்டியல் வரும். பெற்றோரிடம் பேசமாட்டேன் என்று மறுப்பதோடு நிறுத்தாமல், அந்த மாணவர்களைக் கணிதத்தில் 35 மதிப்பெண் எடுக்கவைப்பது என் பொறுப்பு என்று தலைமையாசிரியரிடம் அங்கேயே சொல்லுங்கள். அதன் பிறகு தேர்வு முடிவு வரும்வரை உங்களுக்குப் பதற்றம் இருக்கும். ஆனால் அந்தப் பதற்றத்தை வகுப்பில் யாரிடமும் மறைக்க வேண்டியிருக்காது.