ஓரத்தில் உள்ள கீறல்களை அழிக்காதீர்கள்

கேள்வி: பழைய காகிதம் ஒன்றில், தெருவோரத்தில் ஒருவருக்குச் சவரம் செய்யும் சீன நாவிதர். பென்சிலின் மேல் பழுப்பு மை. ஜார்ஜ் சின்னரி வரைந்தது என்கிறார்கள். ஓரத்தில் உள்ள கொக்கி கொக்கியான கீறல்களை அழித்துவிட்டு லேமினேட் செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். அந்தக் கீறல்கள்தான் உங்கள் கையில் உள்ள முக்கியமான தடயம்.

லண்டனில் பிறந்த ஆங்கில ஓவியர் சின்னரி (1774–1852), 1802-ல் சென்னைக்கு வந்தார். பிறகு கல்கத்தா. கடன் நெருக்கவே, 1825-ல் சீனாவின் தென்கரையில் உள்ள மக்காவ் நகருக்குப் போய்விட்டார், இறந்ததும் அங்கேதான். படகுப் பெண்கள், கொல்லர்கள், நாவிதர்கள், தெருவில் உணவு விற்பவர்கள் என்று அங்கே கண்ணில் பட்ட உழைப்பாளிகளையெல்லாம் வரைந்து தள்ளினார். தேதி, நிறம், திருத்த வேண்டிய இடம் ஆகியவற்றை ஓரத்தில் கர்னி என்ற பழைய ஆங்கிலச் சுருக்கெழுத்தில் குறித்துவைப்பார். பிட்மன் சுருக்கெழுத்து தெரிந்தவரிடம் காட்டிப் பயனில்லை. இது அதற்கு முந்தைய, வேறொரு முறை.

பத்து மடங்கு உருப்பெருக்கியில் நாவிதரின் கையையும் தோளையும் பாருங்கள். நேரில் வரைந்ததென்றால் மைக்கோடு பென்சில் கோட்டைவிட்டு ஆங்காங்கே விலகி, நிழல் விழும் பக்கம் தடித்திருக்கும். பார்த்து நகலெடுத்தவர் கோட்டின் மேலேயே கோடு போட்டிருப்பார். தடிமனும் ஒரே சீராக இருக்கும். கான்டனில் (இன்றைய குவாங்சோ) லாம்குவா போன்ற சீன ஓவியர்கள் சின்னரியின் பாணியில் நன்றாகவே வரைந்தார்கள் என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. அடியில் பென்சிலே இல்லாமல், மை எங்கும் ஒரே அடர்த்தியில் இருந்தால் அச்சுப்படமாக இருக்கலாம்.

அடுத்து, காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீர்க்குறியை, அதாவது காகிதம் செய்யும்போதே அதில் பதியும் மங்கலான அடையாளத்தை, தேடுங்கள். அதில் 1852-க்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் அவர் வரைந்ததல்ல, சந்தேகமே வேண்டாம். முந்தைய ஆண்டு இருப்பது மட்டும் நிரூபணமாகாது. பழைய தாள் யாருக்கும் கிடைக்கும். 'சின்னரி' என்ற கையெழுத்தையும் தனியாக நம்பாதீர்கள், அதைப் பின்னால் எவரும் சேர்த்திருக்கலாம்.

லேமினேஷனின் சூடும் பசையும் காகிதத்தை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். செல்லோடேப், ரப்பர், ஈரத்துணி எதுவும் படக்கூடாது. மை கரையும், பென்சில் கலையும். அமிலமில்லாத பருத்தி அட்டையில், கீல் போன்ற சிறு ஜப்பானியத் தாள் பட்டைகளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு மேல்விளிம்பை மட்டும் பொருத்தும்படி, படத்துக்குச் சட்டம் போடுபவரிடம் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும்.

இரு பக்கங்களையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, சுருக்கெழுத்தை மட்டும் நெருக்கமாகத் தனியே எடுத்து, ஹாங்காங் கலை அருங்காட்சியகம் அல்லது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஓவியப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். சட்டத்தின் பின்பக்கத்தில் பழைய சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல் அதையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.